ஸ்டேடியம் இசை நிகழ்ச்சி முடிந்தபின் வண்டி கிடைக்காமல் தவிப்பது: அடிக்கடி கேட்கப்படும் கேள்விகள்

பெரிய ஸ்டேடியத்தில் இசை நிகழ்ச்சி முடிந்து வெளியே வந்தபின், அழைத்துப் போக வந்தவரைக் காணாமல் தெருவில் நிற்பவர்களுக்காகவும், அவர்களுக்காக நான்கு தெரு தள்ளிக் காரில் உட்கார்ந்து தவிப்பவர்களுக்காகவும் இந்தக் கேள்வி பதில்கள். பலரும் கேட்பதை அவர்கள் கேட்கும் தொனியிலேயே தந்திருக்கிறேன்.

வரும்போது இருபது நிமிடத்தில் உள்ளே போய்விட்டேன். திரும்பும்போது மட்டும் ஏன் இரண்டு மணி நேரம்?

வரும்போது கூட்டம் மூன்று, நான்கு மணி நேரமாகச் சிறுகச் சிறுக வந்து சேர்கிறது. ஒருவர் மதியமே வந்து வரிசையில் நிற்கிறார். இன்னொருவர் முதல் பாட்டு தொடங்கிய பிறகு ஓடி வருகிறார். திரும்பும்போது அந்த இடைவெளி அறவே இல்லை. மேடை விளக்கு அணைந்த கணத்தில் அத்தனை பேரும் எழுந்து நடக்கிறார்கள்.

அந்தக் கூட்டத்தை வெளியேற்ற ஸ்டேடியம் என்ற கட்டடம் தயாராகவே இருக்கிறது. பிரிட்டனின் மைதானப் பாதுகாப்பு வழிகாட்டி, சமதளமான பாதையில் ஒரு மீட்டர் அகலத்துக்கு நிமிடத்துக்கு 82 பேர் வெளியேறலாம் என்று கணக்கிடுகிறது. பார்வையாளர் பகுதியை விட்டுத் தடையின்றி நகரும் வெளிவழியை எட்ட அதிகபட்சம் எட்டு நிமிடம் என்றும் வரையறுக்கிறது. இப்படி வடிவமைத்த கட்டடம் 50,000 பேரைப் பத்து, இருபது நிமிடங்களில் தெருவில் கொண்டுவந்து நிறுத்திவிடும். தெருவுக்கு அந்தத் திறன் கிடையாது.

ஒரு கணக்குப் போட்டுப் பார்ப்போம். 50,000 பேரில் ஐந்தில் ஒருவரை யாரோ காரில் அழைத்துப் போக வருகிறார்கள் என்று வைத்துக்கொள்ளுங்கள். அது 10,000 பேர். காருக்குச் சராசரியாக இரண்டரைப் பேர் என்றால் 4,000 கார்கள். ஏறுமிடத்தில் ஒரே நேரத்தில் 20 கார்கள் நிற்கலாம். ஒவ்வொன்றும் வந்து நின்று, ஆளைக் கண்டுபிடித்து, ஏற்றிக்கொண்டு நகர இரண்டு நிமிடம். மணிக்கு 600 கார்கள்தான் போக முடியும். 4,000 கார்களும் போய் முடிய ஆறரை மணி நேரத்துக்கு மேல் ஆகும். நடைமுறையில் பலர் பொறுமையிழந்து வேறு பக்கம் நடந்துவிடுவதால்தான் அது இரண்டு மணி நேரத்தில் முடிகிறது. இந்தக் கணக்கை மனதில் வைத்துக்கொண்டால், கீழே உள்ள பல கேள்விகளுக்குப் பாதி விடை கிடைத்துவிடும்.

அப்படியானால் ஏறுமிடத்தைப் பெரிதாக்கிவிட்டால் என்ன?

ஓரளவு உதவும். ஆனால் ஏறுமிடத்தை விட்டு வெளியே வரும் சாலை அதே சாலைதான். தடையில்லாமல் ஓடும் ஒரு தடத்தில் மணிக்கு ஏறக்குறைய 1,800 கார்கள் போகலாம். சிக்னல் வந்து பாதி நேரம் சிவப்பு விழுந்தால் அது 900 ஆகிறது. ஆயிரக்கணக்கானோர் குறுக்கே நடக்கும்போது அதுவும் சுருங்கிவிடும். எத்தனை கார் நிறுத்த இடம் கொடுத்தாலும் நெரிசல் ஐம்பது மீட்டர் தள்ளிப்போகுமே ஒழியத் தீராது.

சரி, எங்கே நின்றால் சீக்கிரம் கிளம்பலாம்?

ஸ்டேடியத்துக்கு வெளியே, நன்றாக வெளியே. வாசலுக்கு எவ்வளவு அருகில் ஏறுகிறோமோ அவ்வளவு நல்லது என்ற எண்ணத்தை முதலில் விட்டுவிடுங்கள். சாதாரண நடையில் ஒருவர் இருபது நிமிடத்தில் ஒன்றரைக் கிலோமீட்டர் போகிறார். அதே இருபது நிமிடத்தில் வாசலருகே நிற்கும் கார் இரண்டு சிக்னலைத் தாண்டியிருந்தால் பெரிய விஷயம். அன்றைக்கு ஒரு மணி நேரத்துக்கு, கால்தான் வேகமான வாகனம்.

ஆனால் ஏதோ ஒரு திசையில் நடந்து போய் நின்றுகொண்டு "இங்கே வா" என்று அழைப்பதில் பயனில்லை. இடத்தை முந்தைய நாளே, வரைபடத்தைப் பார்த்து, இரண்டு பேரும் சேர்ந்து தேர்ந்தெடுக்க வேண்டும். நான் பார்க்கச் சொல்வது இவற்றை. காவல்துறை அன்று மூடப்போகும் சாலைகளின் வளையத்துக்கு வெளியே அந்த இடம் இருக்க வேண்டும். பெரிய நிகழ்ச்சிகளுக்கு இந்த அறிவிப்பு பெரும்பாலும் சில நாட்கள் முன்பே வந்துவிடுகிறது. ஸ்டேடியத்துக்கும் வீட்டுக்கும் நடுவில், வீட்டுப் பக்கமாக இருக்க வேண்டும். கார் ஸ்டேடியத்தைக் கடந்து வர வேண்டிய தேவையே இருக்கக் கூடாது. நடுவில் தடுப்புச் சுவர் உள்ள சாலையாக இருந்தால், கார் திரும்பாமல் நேரே ஓட்டிப் போகக்கூடிய பக்கத்தில் இருக்க வேண்டும். இதைப் பலரும் மறக்கிறார்கள். எதிர்ப்பக்கம் நிற்கும் மகளைப் பார்த்துக்கொண்டே அப்பா அடுத்த திருப்பத்துக்காக இரண்டு கிலோமீட்டர் போக வேண்டியிருக்கும். வெளிச்சம் இருக்க வேண்டும், ஆள் நடமாட்டம் இருக்க வேண்டும், கார் ஐந்து நிமிடம் நின்றால் யாரும் விரட்டாத இடமாக இருக்க வேண்டும். இரவு முழுவதும் திறந்திருக்கும் பெட்ரோல் பங்க், மருத்துவமனையின் எதிர்ப்புறம், பெரிய ஹோட்டலின் முகப்பு போன்றவை பொருத்தமானவை. எந்த இடம் என்றாலும் பெயரைச் சொன்னாலே வேறு எந்த இடத்தோடும் குழம்பாததாக இருப்பது முக்கியம்.

இரண்டாவதாக ஒரு மாற்று இடமும் வேண்டும். "முதல் இடத்துக்குப் போக முடியவில்லை என்றால் நேரே அங்கே" என்று முன்கூட்டியே பேசி வைத்திருந்தால், போன் வேலை செய்யாத நேரத்திலும் இரண்டு பேரும் ஒரே முடிவை எடுப்பீர்கள்.

"வடக்கு வாசலில் நிற்கிறேன்" என்று சொன்னால் போதாதா?

போதாது. முந்நூறு மீட்டர் விட்டமுள்ள ஒரு ஸ்டேடியத்தைச் சுற்றி வர ஏறக்குறைய ஒரு கிலோமீட்டர் நடக்க வேண்டும். எந்தப் பக்கம் நின்று பார்த்தாலும் அதே தூண்கள், அதே சரிவான சுவர், அதே விளக்கு. இரவில், கூட்டத்தின் நடுவில், திசை தெரிவதில்லை. போதாததற்கு, உள்ளே நுழைந்த வாசல் வழியாகவே வெளியேற விடுவார்கள் என்ற உறுதியும் கிடையாது. உங்கள் டிக்கெட்டில் இருக்கும் வாசல் எழுத்து உள்ளே போவதற்கானது. அழைத்துப் போக வருபவர் கையில் டிக்கெட்டும் இல்லை, அந்த எழுத்துகள் அவருக்கு வெளியிலிருந்து தெரியவும் போவதில்லை.

உள்ளே இருந்தபோது நன்றாக வேலை செய்த போன், வெளியே வந்ததும் செத்துவிடுகிறதே?

பெரிய ஸ்டேடியங்களின் உள்ளே, கூரையிலும் நடைபாதைகளிலும் ஏராளமான சிறிய ஆன்டெனாக்களைப் பொருத்தியிருப்பார்கள். ஒவ்வொன்றும் ஒரு சிறு பகுதியை மட்டும் கவனித்துக்கொள்ளும். நிகழ்ச்சி முடிந்ததும் அந்த 50,000 போன்களும் ஒரே சமயத்தில் தெருவில் இருக்கும் சில கோபுரங்களின் கைக்குள் வந்து விழுகின்றன. அந்தக் கோபுரங்கள் வழக்கமான நாளின் நடமாட்டத்துக்காக அமைக்கப்பட்டவை.

சிக்னல் கோடுகள் முழுதாகத் தெரிந்தும் அழைப்பு போகாததற்கு ஒரு காரணம் இருக்கிறது. கோபுரத்தின் அலை உங்களை எட்டுகிறது என்பதை மட்டுமே அந்தக் கோடுகள் காட்டும். பேச வேண்டுமானால் போன் முதலில் கோபுரத்திடம் அனுமதி கேட்க வேண்டும். நான்காம் தலைமுறை வலையமைப்பில், ஒரு கோபுரப் பகுதிக்குள் அப்படிக் கேட்பதற்கு 64 தொடக்கக் குறிகள்தான் உள்ளன. ஒரே நொடியில் இரண்டு போன்கள் ஒரே குறியைத் தேர்ந்தெடுத்தால் மோதல். இரண்டும் சற்றுப் பொறுத்து மீண்டும் முயல வேண்டும். ஆயிரக்கணக்கான போன்கள் மோதி, மீண்டும் முயன்று, மீண்டும் மோதும்போது யாருக்கும் வழி கிடைப்பதில்லை. நீங்கள் விடாமல் அழைப்புப் பொத்தானை அழுத்துவதும் அந்த நெரிசலைக் கூட்டுகிறது.

அழைப்பதைவிடக் குறுஞ்செய்தி நல்லது. பழைய, சாதாரண எஸ்.எம்.எஸ். மிகச் சிறியது, உடனே போகாவிட்டாலும் வலையமைப்பு அதை வைத்திருந்து வழி கிடைத்ததும் சேர்க்கும். ஆங்கில எழுத்தில் 160 இடங்கள் கொண்ட அந்தச் செய்தியில் தமிழில் எழுதினால் 70 இடங்கள்தான் கிடைக்கும். "கி" என்பதில் உள்ள கொக்கியும் "க்" மேல் உள்ள புள்ளியும் தனித்தனியாக ஓர் இடம் பிடிக்கும். நீண்டால் செய்தி துண்டுகளாகப் பிரிந்து போகும், தாமதமாகும். ஆகவே "கிளம்பிவிட்டேன், முதல் இடம்" என்ற அளவில் முடித்துக்கொள்ளுங்கள். மன்னிப்பு, விளக்கம், கோபம் எல்லாவற்றையும் காரில் ஏறியபின் பேசிக்கொள்ளலாம்.

ஒரு நானூறு, ஐந்நூறு மீட்டர் நடந்ததுமே பெரும்பாலும் போன் உயிர் பெற்றுவிடும். விலகி நடக்கச் சொல்வதற்கு இதுவும் ஒரு காரணம்.

போன் அடித்ததே கேட்கவில்லை. அண்ணன் பதினேழு முறை அழைத்திருக்கிறார்!

இதற்கு நீங்கள் வெட்கப்பட வேண்டியதில்லை. இசை நிகழ்ச்சிகளில் ஒலி அளவு 15 நிமிடச் சராசரியில் 100 டெசிபலைத் தாண்டக் கூடாது என்று உலக சுகாதார அமைப்பு 2022இல் வெளியிட்ட தரநிலை சொல்கிறது. அந்த அளவிலேயே இரண்டு மூன்று மணி நேரம் இருந்தால் காது தற்காலிகமாக மந்தமாகி, ரீங்காரம் கேட்கலாம். சில மணி நேரத்துக்கு மெல்லிய ஒலிகள் எட்டாது. போனை அதிர்வு நிலையில் வைத்துக் கையிலேயே பிடித்துக்கொள்ளுங்கள். பைக்குள் போட்டால் ஒலியும் தெரியாது, அதிர்வும் தெரியாது. அடுத்த முறை காதடைப்பான் கொண்டு போங்கள். இசை குறைவதில்லை, காது தப்பிக்கும்.

செயலியில் என் இடத்தைக் காட்டும் புள்ளி வேறு தெருவில் நிற்கிறது.

திறந்த வெளியில் செல்போனின் இருப்பிடக் கணிப்பு ஐந்து மீட்டர் அளவுக்குத் துல்லியமானது. உயரமான கான்கிரீட் சுவருக்குப் பக்கத்தில் நின்றால் செயற்கைக்கோள் சமிக்ஞை சுவரில் பட்டுத் திரும்பி வந்து கணக்கைக் கெடுக்கிறது. ஸ்டேடியத்தின் சுவரும் அப்படிப்பட்டதுதான். சற்று விலகி, வானம் தெரியும் இடத்தில் அரை நிமிடம் நில்லுங்கள்.

உங்கள் நேரடி இருப்பிடத்தை வாட்ஸ்அப்பில் பகிர்ந்திருந்தால் இன்னொரு பொறி இருக்கிறது. இணையம் தடைபட்டால் புள்ளி கடைசியாகப் பதிவான இடத்திலேயே நின்றுவிடும். பார்ப்பவர் நீங்கள் இன்னும் அங்கேயே இருப்பதாக நம்பிக்கொண்டிருப்பார். எப்போது புதுப்பிக்கப்பட்டது என்ற சிறு வரியைப் பார்க்கச் சொல்லுங்கள். வரைபடத்தை முன்பே போனில் தரவிறக்கி வைத்தால் இணையம் இல்லாமலும் வழி பார்க்கலாம். இருப்பிடம் காண இணையம் கட்டாயமில்லை.

மூன்று ஓட்டுநர்கள் அடுத்தடுத்து ரத்து செய்துவிட்டார்கள். இது நியாயமா?

உங்கள் கோபம் எனக்குப் புரிகிறது. நள்ளிரவில், கால் வலியோடு, "ஓட்டுநர் வந்துகொண்டிருக்கிறார்" என்ற வாக்கியம் திரையிலிருந்து மறைவதைப் பார்ப்பது கொடுமை. ஆனால் ஓட்டுநரின் பக்கத்தையும் பாருங்கள். அவருக்குப் பயணம் தொடங்கிய பிறகுதான் தூரத்துக்கும் நேரத்துக்கும் பணம். உங்களை எட்டுவதற்காக நெரிசலில் அவர் கழிக்கும் நாற்பது நிமிடத்துக்குப் பெரும்பாலும் பைசா கிடைக்காது. வரைபடம் காட்டிய சாலையில் திரும்பினால் தடுப்பு வைத்துக் காவலர் நிற்கிறார். தற்காலிகத் தடைகள் எல்லா நேரமும் வரைபடத்தில் உடனே ஏறுவதில்லை. அவர் அழைக்கிறார், உங்கள் போன் எடுக்கவில்லை. அந்த இடத்தில் அவருக்குத் தெரிந்த ஒரே வழி ரத்து செய்வது.

ஒன்றரைக் கிலோமீட்டர் நடந்து, அவர் எளிதில் வரக்கூடிய சாலைக்குப் போன பிறகு காரை அழைத்துப் பாருங்கள். ரத்து செய்வது கண்கூடாகக் குறையும். முக்கியமாக, நடந்துகொண்டே அழைக்காதீர்கள். போய்ச் சேர்ந்து, நின்று, பிறகு அழையுங்கள். நகரும் பயணியைத் தேடும் ஓட்டுநர் இரண்டு முறை சுற்றிவிட்டுக் கிளம்பிவிடுவார்.

கட்டணம் வழக்கத்தைவிட மூன்று மடங்கு காட்டுகிறது. கொடுப்பதா, காத்திருப்பதா?

கேட்பவர் அதிகம், கார் குறைவு என்றால் செயலிகள் விலையை ஏற்றுகின்றன. ஏற்றிய விலை தொலைவில் இருக்கும் ஓட்டுநர்களை அந்தப் பக்கம் இழுக்கும் என்பது அவற்றின் வாதம். சாலை திறந்திருந்தால் அந்த வாதம் செல்லும். சாலையே அடைபட்டிருக்கும்போது எத்தனை மடங்கு கொடுத்தாலும் கார் பறந்து வராது; நீங்கள் அதிகம் கொடுத்து அதே நேரம் காத்திருக்கிறீர்கள். விலை உச்சத்தில் இருப்பது கூட்டம் வெளியேறும் முதல் கட்டத்தில்தான். பசியும் களைப்பும் தாங்குமென்றால் எங்காவது உட்கார்ந்து முக்கால் மணி நேரம் கழித்துப் பாருங்கள். பிள்ளைகள் உடன் இருந்தாலோ, நேரம் மிகவும் கடந்துவிட்டாலோ கொடுத்துவிட்டுக் கிளம்புங்கள். அதில் தயங்க ஒன்றுமில்லை.

முன்கூட்டியே பதிவு செய்துவிட்டால் இந்தத் தொல்லை இல்லையே?

விலை நிச்சயமாகும். முன்பதிவு செய்த காரும் அதே சாலையில்தான் வர வேண்டும்.

வெளியே வந்ததும் "எங்கே போக வேண்டும்?" என்று சிலர் கேட்கிறார்கள். ஏறலாமா?

வேண்டாம். விலைக்கு வரம்பு இல்லை, பயணத்துக்குப் பதிவு இல்லை, யார் ஓட்டினார் என்று பிறகு யாருக்கும் தெரியாது.

செயலியில் அழைத்த காராக இருந்தாலும் கதவைத் திறக்கும் முன் வண்டி எண்ணைப் பாருங்கள். வரிசையாக ஒரே நிறத்தில் கார்கள் நிற்கும் இடத்தில் தவறான காரில் ஏறுவது மிக எளிது. 2019 மார்ச்சில் அமெரிக்காவின் தென் கரோலினாவில் ஒரு கல்லூரி மாணவி, தான் அழைத்த கார் என்று நினைத்து வேறொரு காரில் ஏறினார், கொல்லப்பட்டார். அதன் பிறகு அங்கே பரவிய பழக்கம் எளிமையானது: உங்கள் பெயரை நீங்கள் சொல்லாதீர்கள், "யாரை ஏற்ற வந்திருக்கிறீர்கள்?" என்று ஓட்டுநரைக் கேளுங்கள். பெயரை அவர் சொன்னால் மட்டும் ஏறுங்கள். களைப்பில் இதைத் தவிர்த்துவிடத் தோன்றும். தவிர்க்காதீர்கள்.

பதினைந்து வயது மகளை அழைத்து வரப் போகிறேன். வாசலுக்கே வந்து நிற்க விடமாட்டேன் என்கிறார்களே?

பெற்றோரின் மனம் வாசலை விட்டு நகராது என்பது உண்மை. ஆனால் வெளியேறும் வழியில் நிற்கும் கூட்டம் வெளியே வருபவர்களைத் தடுக்கிறது, அதுவே ஆபத்து. இன்னொரு காரணம் துயரமானது. 2017 மே 22 அன்று மான்செஸ்டர் அரங்கில் இசை நிகழ்ச்சி முடிந்து இளம் ரசிகர்கள் வெளியே வந்துகொண்டிருந்தபோது, பெற்றோர் பலர் பிள்ளைகளுக்காகக் காத்திருந்த முன்கூடத்தில் குண்டு வெடித்தது. 22 பேர் இறந்தார்கள். அழைத்துப் போக வந்தவர்களும் அவர்களில் இருந்தார்கள். கட்டடத்தின் உள்ளே மட்டும் பாதுகாப்பு இருந்தால் போதாது, வாசலும் காத்திருக்கும் இடமும் அதில் சேர்த்தி என்ற எண்ணம் அதன் பிறகு வலுத்தது. அந்தத் தாக்குதலில் மகனை இழந்த ஒரு தாய் உழைத்து நடத்திய இயக்கத்தின் பயனாக, பொது இடங்களின் பாதுகாப்பு பற்றிய சட்டம் 2025இல் பிரிட்டனில் நிறைவேறியது.

ஆகவே வாசலுக்குப் போக முயல வேண்டாம். மகளைத் தனியாகவும் நடக்க விட வேண்டாம். உடன் வரும் தோழிகள் எல்லோரும் ஒன்றாக ஒரே இடத்துக்கு வரட்டும். நான்கு பெற்றோர் நான்கு காரில் வருவதற்குப் பதில் இருவர் வந்தால் போதும். உங்கள் எண்ணைக் காகிதத்தில் எழுதி அவளிடம் கொடுங்கள். பாட்டுக்குப் பாட்டு வீடியோ எடுத்த போனில் முடிவில் சார்ஜ் மிஞ்சுவது அரிது, எண்ணை மனப்பாடமாக வைத்திருக்கும் பிள்ளைகளும் இன்று அரிது. காரை ஓரிடத்தில் நிறுத்திவிட்டு நீங்களே பாதித் தூரம் நடந்து எதிர்கொண்டு போவது எல்லாவற்றிலும் சிறந்த ஏற்பாடு.

நான் வீட்டிலிருந்து எப்போது கிளம்ப வேண்டும்?

டிக்கெட்டில் தொடங்கும் நேரம் மட்டுமே இருக்கும். முடியும் நேரத்தைத் தேடிக் கண்டுபிடிக்கலாம். பல நகரங்களில் இத்தனை மணிக்குள் ஒலி நிற்க வேண்டும் என்பது அனுமதியின் நிபந்தனை. 2012 ஜூலையில் லண்டன் ஹைட் பார்க்கில் புரூஸ் ஸ்பிரிங்ஸ்டீன், பால் மெக்கார்ட்னியோடு சேர்ந்து பாடிய நிகழ்ச்சியில், இரவு பத்தரை மணிக் கெடு தாண்டிவிட்டதால் ஒலிபெருக்கியை நிறுத்திவிட்டார்கள். அவ்வளவு பெரிய கலைஞர்களுக்கே கெடு தளரவில்லை என்றால், அந்த நேரத்தை நம்பி நீங்கள் திட்டமிடலாம். சுற்றுப்பயண நிகழ்ச்சி என்றால் முந்தைய ஊர்களில் எத்தனை மணிக்கு முடிந்தது என்றும் பாருங்கள், பெரிதாக மாறாது.

முடியும் நேரத்தோடு, இருக்கையிலிருந்து வெளியே வர அரை மணி, நடக்க இருபது நிமிடம் கூட்டிக்கொள்ளுங்கள். அந்த நேரத்துக்குச் சற்று முன் சந்திப்பு இடத்தில் இருந்தால் போதும். அதற்கு முன் போய்ச் சுற்றிச் சுற்றி வருவதால் பயனில்லை. நெரிசலில் இன்னொரு காராகச் சேர்கிறீர்கள்.

கடைசிப் பாட்டுக்கு முன்பே எழுந்து வந்துவிட்டால்?

தப்பிக்கலாம். ஆனால் வருடக்கணக்கில் காத்திருந்து, பணம் சேர்த்து டிக்கெட் வாங்கி, எல்லோரும் எழுந்து ஒரே குரலில் பாடும் அந்தப் பாட்டைப் படிக்கட்டில் இறங்கியபடி கேட்பதா? மறுநாள் அதிகாலையில் வேலையோ பயணமோ இருந்தால் ஒழிய நான் அதைச் சொல்ல மாட்டேன். அதற்குப் பதில் முடிந்த பிறகு அரை மணி நேரம் தாமதியுங்கள். ஊழியர்கள் எழுப்பும் வரை இருக்கையில் இருங்கள், கழிவறைக்குப் போங்கள், தண்ணீர் குடியுங்கள். முதல் அலை வடிந்த பிறகு வெளியே வருவது உடலுக்கும் இதம்.

படிக்கட்டில் நின்று ஒரு நிமிடம் போன் பார்த்தால் ஊழியர்கள் விரட்டுகிறார்களே?

விரட்ட வேண்டியதுதான். 1971 ஜனவரி 2 அன்று கிளாஸ்கோவின் ஐப்ராக்ஸ் மைதானத்தில் கால்பந்து ஆட்டம் முடிந்து கூட்டம் வெளியேறும்போது ஒரு படிக்கட்டில் சிலர் விழ, பின்னால் வந்தவர்கள் நிற்க முடியாமல் மேலே சரிய, 66 பேர் இறந்தார்கள். நான் மேலே சொன்ன பாதுகாப்பு வழிகாட்டி அந்த விபத்தை ஒட்டியே 1973இல் முதலில் வெளிவந்தது. கீழே இறங்கி, சுவரோரம் ஒதுங்கிப் போனை எடுங்கள்.

என் காரையே ஸ்டேடியத்தின் பார்க்கிங்கில் விட்டுவிட்டால்?

காரைத் தேட வேண்டாம், அவ்வளவுதான். ஆயிரம் கார் நிற்கும் இடத்துக்கு ஒரே வெளிவழி, நிமிடத்துக்குப் பத்துக் கார் என்றால் கடைசிக் கார் வெளியேற நூறு நிமிடம். அப்படியே விட வேண்டியிருந்தால் வெளிவழிக்கு அருகில், முகப்பு வெளியே பார்க்கும்படி நிறுத்துங்கள்.

ரயிலில் போகலாம் என்றால் நிலையத்தில் ஒரு மணி நேரம் வரிசை!

வரிசை நீளமாகத் தெரியும், ஆனால் நகரும். ஒரு ரயில் ஆயிரம் பேரை அள்ளிக்கொண்டு போகிறது. அந்த ஆயிரம் பேருக்கு 400 கார் வேண்டும். கடைசி ரயில் எப்போது என்பதை மட்டும் முன்பே பார்த்து வையுங்கள்.

வீடு வரை ரயில் இல்லாவிட்டாலும் மூன்று, நான்கு நிலையம் தள்ளி இறங்கி, அங்கே காரை வரச் சொல்லுங்கள். நெரிசலுக்கு வெளியே, வெளிச்சமான, பெயர் குழம்பாத, கார் நிற்கக்கூடிய இடம்: நான் மேலே அடுக்கிய தகுதிகள் எல்லாம் ஒரு சிறிய ரயில் நிலையத்தில் சேர்ந்து கிடைக்கின்றன. என்னைக் கேட்டால் இதுவே முதல் தேர்வு.

என் அம்மா சக்கர நாற்காலியில் இருப்பவர். ஒன்றரைக் கிலோமீட்டர் நடக்கச் சொல்வது எங்களுக்குப் பொருந்துமா?

பொருந்தாது. இதில் பொறுப்பு முழுவதும் ஏற்பாட்டாளர்களுடையது. பல பெரிய ஸ்டேடியங்களில் மாற்றுத்திறனாளிகளுக்கெனத் தனி ஏறுமிடம் உண்டு. அதற்கு வண்டி எண்ணை முன்பே பதிவு செய்து அனுமதி வாங்க வேண்டியிருக்கும். சில வாரங்கள் முன்பே எழுதிக் கேளுங்கள். எந்த வாசல், எந்தச் சாலை, தடுப்பு வைத்த பிறகும் கார் உள்ளே வர அனுமதி உண்டா, தடுப்பில் நிற்கும் காவலருக்கு அது தெரியுமா என்று நான்கையும் எழுத்தில் பெற்று, அந்தக் கடிதத்தின் நகலை ஓட்டுபவரிடம் கொடுங்கள். அலுவலகத்தில் கொடுத்த அனுமதி, தெருமுனையில் தடுப்பைக் காக்கும் ஆளுக்குச் சொல்லப்படாமல் போவதுதான் பெரும்பாலும் நடக்கிறது. டிக்கெட் விற்கும்போது தனி இருக்கை தந்துவிட்டு, நிகழ்ச்சி முடிந்ததும் "மெயின் ரோடு வரை போங்கள்" என்று கைகாட்டுவதை நான் அலட்சியம் என்றே சொல்வேன்.

நடந்ததைப் பற்றிப் புகார் செய்தால் பலன் உண்டா?

எழுதும் விதத்தைப் பொறுத்தது. "மோசமான அனுபவம்" என்று சமூக ஊடகத்தில் போட்டுவிட்டு விட்டால் இரண்டு நாளில் மறைந்துவிடும். எந்த வாசலில் எத்தனை மணிக்கு வெளியே வந்தீர்கள், எந்தச் சாலை மூடியிருந்தது, வழிகாட்டும் பலகை எங்கே இல்லை, விளக்கு எங்கே எரியவில்லை, எத்தனை மணிக்கு ஊழியர்கள் கலைந்து போனார்கள், எப்போது வண்டி ஏறினீர்கள் என்று எழுதுங்கள். நிகழ்ச்சி நடத்தியவருக்கு அனுப்புவதோடு, அதற்கு அனுமதி கொடுத்த நிர்வாகத்துக்கும் அனுப்புங்கள். ஏனென்றால் அடுத்த நிகழ்ச்சிக்கு அனுமதி கேட்டு அவர்கள் அங்கேதான் போயாக வேண்டும். உள்ளே வரும் கூட்டத்துக்கு ஆள் வைத்து, வரிசை கட்டி, பையைச் சோதித்து, நுணுக்கமாகத் திட்டமிடுபவர்கள், வெளியே போகும் கூட்டத்தைக் காவல்துறையின் தலையில் கட்டிவிட்டுக் கிளம்பிவிட முடிகிறது என்றால், யாரும் அதைக் கேள்வி கேட்டு எழுதாததும் ஒரு காரணம். கடைசி ஆள் வண்டி ஏறும் வரை விளக்கும் தண்ணீரும் கழிவறையும் வழிசொல்ல ஓர் ஆளும் இருக்க வேண்டும் என்று கேளுங்கள். உங்களோடு நின்ற மற்றவர்களையும் தனித்தனியாக எழுதச் சொல்லுங்கள்; ஒரே கடிதத்தில் நூறு கையெழுத்து இருப்பதைவிட, நேரமும் இடமும் குறித்த நூறு தனிக் கடிதங்களை ஒதுக்குவது கடினம்.